ஒரே உலை, இரண்டு வாசல்: கடலோரக் கிராமத்தில் ஓர் உப்பு ஆய்வு, அதில் நேர்ந்த பிழை

ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கடலை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் நடந்தது இது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாற்று உப்பைப் பற்றிய சிறிய ஆய்வு ஒன்றில் நான் களப் பொறுப்பாளராக இருந்தேன். ஆய்வில் சேராத ஒரு முதியவர், ஆய்வுக்காக நாங்கள் கொடுத்த உப்பை 19 நாள் சாப்பிட்டுவிட்டார். அவர் உடல்நிலைக்கு அதைத் தொட்டிருக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து வருமுன் தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் படிவமோ பயிற்சியோ இல்லை, அந்த வீட்டு மருமகளின் கோபம்.

ஊர், ஆள், குழு எதன் பெயரும் இங்கே இல்லை. அந்தக் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். உப்பு எவ்வளவு பலன் தந்தது என்ற கணக்கு இதில் வராது. அது வேறு கட்டுரைக்கு உரியது.

பின்னணி

இந்தக் கரையில் உப்பு இல்லாத வேலை கிடையாது. ஆண்கள் நாட்டுப்படகில் போகிறார்கள். பெண்கள் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார்கள், விலை போகாததைக் கீறி, உப்பில் ஊறப்போட்டு, மணலில் வலை விரித்துக் காயவைக்கிறார்கள். நிலத்தடித் தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்பு. குடிக்கும் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கினாலும், சோறு வடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான். மீன் பிடிபடாத நாளில் குழம்புக்கும் கருவாடு, தொட்டுக்கொள்ளவும் கருவாடு.

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள், உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு தின்னும் ஊரில் போய் ‘உப்பைக் குறையுங்கள்’ என்று சொன்னால் தலையாட்டுவார்கள். மறுநாள் குழம்பு பழையபடியே இருக்கும். அதனால்தான் மாற்று உப்பு. சோடியம் குளோரைடில் கால் பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நாக்குக் கூர்மையானவர்களுக்கு அடியில் லேசான கசப்பு தட்டும்.

இது கை போன போக்கில் செய்த யோசனை இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்கள், ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் ஆகியோரிடம் மாற்று உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்திருந்தது. நம் பக்கத்திலேயே, தெலங்கானாவின் சித்திப்பேட்டைக் கிராமங்களில் ரத்த அழுத்தம் உள்ள 502 பேரிடம் மூன்று மாதம் நடந்த ஆய்வில் மேல் அளவு சராசரியாக 4.6 புள்ளி இறங்கியது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உடம்பில் சேரும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே குலைக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாபிரில் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று தனியே சொன்னது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். படிவத்தில் கேள்வியும் இருந்தது: ‘உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் உள்ளதா?’

சேர்க்கை

ஆட்களைச் சேர்க்கும்போதே ஒரு விவாதம் வந்தது. ஊருக்குள் எல்லா வாசலும் பழக்கமானவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுவரும் பெண் தன்னார்வலர். அவர் சொன்னால் ஊரே சேரும். அதனாலேயே அவரைக் கேட்க வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாதாமாதம் மாத்திரை தரும் கையிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அப்படி வரும் சம்மதத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நாங்களே போனோம். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, யோசித்துச் சொல்ல ஒரு நாள் விட்டு, மறுநாள் மீண்டும் போனோம். 62 குடும்பங்கள் சேர்ந்தன.

பாதிக் குடும்பங்களுக்கு மாற்று உப்பு, மீதிக்குச் சாதாரண உப்பு. பொட்டலத்தில் எண் மட்டும் இருக்கும். எது யாருக்கு என்பது எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எண்களின் பட்டியல் வெளியூரில் ஒருவரிடம் பூட்டி இருந்தது.

முதல் சுற்றில் அளந்தபோதே ஒரு பலன் கிடைத்தது. தலைசுற்றல் இல்லை, வலி இல்லை, ‘எனக்கு என்ன பிரஷர்’ என்று கேட்டவர்களில் சிலருக்கு அளவு மிக உயரத்தில் இருந்தது. அவர்களை ஆய்வில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் மாத்திரை தொடங்க வைத்தோம்.

கேனும் கடல் நாளும்

ஒருவர் எவ்வளவு உப்பு தின்கிறார் என்பதை வாய்வார்த்தையில் அறிய முடியாது. 24 மணி நேரச் சிறுநீரையும் சேர்த்து அளப்பதுதான் நம்பகமான வழி. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொன்றையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும், ஐந்து லிட்டர் கேனில் சேர்க்க வேண்டும்.

சொல்வது எளிது. விடியுமுன் ஏலக்கூடத்துக்குப் போய் மீன் எடுத்து, பஸ் பிடித்து, தெருத் தெருவாக விற்றுத் திரும்பும் பெண் அந்தக் கேனை எங்கே வைப்பாள்? முதல் வாரம் வந்த கேன்களில் பாதிக்கு மேல் அரைகுறை. ஒரு பெண் வெள்ளைக் கேனை மாடத்தில் ஒளித்து வைத்திருந்தார். மாமியார் கேட்டதற்குப் பினாயில் என்று சொல்லியிருந்தார்.

நாங்கள் இன்னொரு பயிற்சிக் கூட்டம் போடத் தயாரானோம். பங்கேற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். “போட்டு கடலுக்குப் போவாத நாளாப் பாத்துக் குடுங்க. அன்னைக்கு நாங்களும் வீட்லதான கெடக்கோம். கேனுக்குக் கறுப்புப் பை குடுங்க, போதும்.” அப்படியே செய்தோம். அடுத்த சுற்றில் கேன்கள் நிறைந்து வந்தன. அந்த ஊர்ப் பெண்களிடம் முன்கூட்டியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு வார உழைப்பு வீணாகியிருக்காது. அப்போது அதை ஒரு சில்லறைப் பாடமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். அது சில்லறை இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள்

பொட்டலம் கொடுத்து 19ஆம் நாள், மீதி உப்பை எடை போடப் போயிருந்தேன். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு கிலோ கொடுத்திருந்தோம். நானூறு கிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தராசில் இருநூறுதான் காட்டியது.

வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கல்லுப்பு மூட்டை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். “அக்கா, இதக் கருவாட்டுக்கு எடுத்துப் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். “ஏம்மா, நீங்க குடுத்த ஒரு கிலோ உப்ப எடுத்துத்தான் நான் கருவாடு போடணுமா? மூட்டை கெடக்கு பாருங்க. மாமாவுக்கும் சேத்துத்தான ஆக்குறேன்? அவரு வயிறு என்ன தனியா?”

மாமனார் அடுத்த வாசலில் இருந்தார். பனை ஓலை வேய்ந்த தனிக் குடிசை, தனி ரேஷன் கார்டு. எங்கள் பட்டியலில் அது வேறு வீடு. காலையில் நீராகாரம், மதியம் சோறு, ராத்திரி மிச்சக் குழம்பு எல்லாம் இந்த அடுப்பிலிருந்து ஈயச் சட்டியில் மூடி வேலிக்கு மேலாகக் கைமாறிப் போகும்.

“மாமாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லயே அக்கா?”

“சுகரு இருவது வருசமா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கிட்னி சுருங்கிப்போச்சுன்னு டாக்டரு சொன்னாரு.”

கையில் இருந்த தராசைக் கீழே வைத்தேன். படிவத்தில் அவர் ‘இல்லை’ என்று சொன்னது பொய் இல்லை. ‘உங்கள் வீட்டில்’ என்று கேட்டோம். அவர் வீட்டில் யாருக்கும் சிறுநீரக நோய் இல்லை. பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

முதியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாளாகக் கால் ஓய்கிறது என்றார். ஒரு அட்டைப் பெட்டியில் மாத்திரைகள், அதில் எனலாபிரில். கட்டிலுக்கு அடியில் வெட்டிய இளநீர்க் கூடுகள். கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் தினம் ஒன்று. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு.

எடுத்த முடிவுகள்

அந்த நிமிடமே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கடையில் சாதாரண உப்பு வாங்கிக் கொடுத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர்களுக்கு வந்தது மாற்று உப்புதானா என்று எனக்குத் தெரியாது. தெரியும்வரை அது மாற்று உப்பு என்று நினைத்து நடப்பதுதான் முறை.

முதியவர் மறுநாள் போகலாம் என்றார். மகன் கடலில் இருந்தார். பொட்டாசியம் ஏறியிருந்தால் நாளை என்பது இல்லாமலும் போகலாம் என்பதை எப்படிப் பயமுறுத்தாமல் சொல்வது என்று தடுமாறினேன். கடைசியில் மருமகள்தான் வேட்டியை எடுத்துக் கையில் கொடுத்து, “கெளம்புங்க மாமா” என்றார். ஆய்வு வண்டியிலேயே ராமநாதபுரத்துக்கு, பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். செலவு முழுவதும் ஆய்வுக் கணக்கில்.

ரத்தத்தில் பொட்டாசியம் 5.9. பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். ஈசிஜியில் மாற்றம் இல்லை. அன்றிரவு அங்கேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். எனலாபிரிலை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். இளநீரை நிறுத்தச் சொன்னார்கள்.

பொட்டலத்தின் ரகசிய எண்ணை உடைத்து, உள்ளே இருந்தது எந்த உப்பு என்று பார்ப்பதா வேண்டாமா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ரத்தப் பரிசோதனையே போதும், உடைக்க வேண்டியதில்லை என்றார் ஒருவர். மருத்துவம் பார்க்கும் டாக்டருக்கு அவர் உடம்பில் என்ன போனது என்று தெரிய வேண்டும் என்றார் ஆய்வுத் தலைவர். அன்றிரவே உடைத்தார்கள். மாற்று உப்புதான். அந்தக் குடும்பத்தின் தரவு இதனால் பலவீனப்படும் என்பது உண்மை. என் கருத்தில் அது எடை போட வேண்டிய விஷயமே இல்லை.

பொட்டாசியம் ஏறியதற்கு உப்பு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பழுதான சிறுநீரகம், எனலாபிரில், இளநீர் எல்லாம் சேர்ந்து ஏற்றியிருக்கும். ஆனால் மற்றவை எங்களுக்கு முன்பே அங்கே இருந்தவை. நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது உப்பு.

ஆய்வில் சேர்ந்தவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அன்றே தகவல் போனது. அவர்களின் பதில் வந்த பிறகு மற்ற வீடுகளுக்குச் சொல்லலாமா, முன்பே சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. முன்பே சொன்னால் ஊர் மிரண்டு மொத்தமாக விலகும் என்ற பயம் சிலருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. தலைவர் காத்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் நாலு பேர் பிரிந்து மீதி 61 குடும்பங்களுக்கும் போனோம். இந்த முறை வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ‘இந்த அடுப்பில் ஆக்குறதை யார் யார் சாப்பிடுறாங்க?’ என்று கேட்டோம்.

தனியே இருக்கும் அத்தை, விவாகரத்தாகி வந்து பின்கட்டில் தங்கியிருக்கும் நாத்தனார், சாப்பாட்டுக்கு மட்டும் வரும் அண்ணன் பிள்ளைகள் என்று படிவத்தில் இல்லாத வயிறுகள் வரிசையாக வந்தன. மூன்று இடங்களில் சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இருந்தார்கள். மூன்று வீட்டிலும் உப்பை நிறுத்தி, மூவருக்கும் ரத்தம் பார்த்தோம். அளவு சரியாக இருந்தது.

ஏலக்கூடத்தில்

அதற்குள் ஊரில் வேறு கதை ஓடியது. உப்பில் மருந்து கலந்து சோதிக்கிறார்கள், பெரியவர் சாகக் கிடக்கிறார் என்று. ஊர்த் தலைவர் ஏலக்கூடத்தில் கூட்டம் வைத்தார். எங்கள் ஆய்வுத் தலைவர் நடந்ததை நடந்தபடி சொன்னார், பிழை எங்கள் கேள்வியில் என்றும் சொன்னார். மருமகளை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். உறவில் சிலர் அவரை ‘ஓசி உப்புக்கு ஆசப்பட்டவ’ என்று பேசியிருந்தார்கள். அது எங்களால் அவருக்கு வந்த பழி.

கூட்டத்தில் வேறொரு முதியவர் எழுந்து கேட்டார்: “எல்லாம் சரிங்கய்யா. சோதிக்கிறதுக்கு எங்க ஊருதான் கெடச்சுதா?”

நியாயமான கேள்வி. பூசி மெழுகிப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அவர் முன்பு காசநோய் வந்து, வீட்டில் இருந்தே மாத்திரை தின்று குணமானவர் என்பது எனக்குத் தெரியும். அவர் அனுமதியோடு அதையே எடுத்துப் பேசினேன். ஒரு காலத்தில் டி.பி. வந்தால் குடும்பத்தை விட்டு சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான தனி மருத்துவமனையில், மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா, வீட்டாருக்குத் தொற்றாதா என்பது யாருக்கும் தெரியாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் அதைச் சோதிக்கச் சம்மதித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டில். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க டி.பி. நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து எடுத்துக்கொள்ள அது வழிவிட்டது. “அவங்களும் நம்மள மாதிரி ஏழைபாழைங்கதான் ஐயா” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவங்களுக்கு அந்த முடிவச் சொன்னாங்களா?” என்று கேட்டார். எங்கள் முடிவை இதே கூடத்தில் வந்து சொல்வோம் என்று ஆய்வுத் தலைவர் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டார். அது எழுத்தில் போட்ட எந்த உறுதியையும் விடக் கனமானது.

பிறகு நடந்தவை

முதியவரின் பொட்டாசியம் ஒரு வாரத்தில் 4.8க்கு இறங்கியது. சிறுநீரக நோய்க்கு இப்போது ஒழுங்காக மருத்துவம் பார்க்கிறார். கால் வீக்கத்தை வயசுக் கோளாறு என்று விட்டிருந்த குடும்பம், மாதம் ஒரு முறை அவரைக் கூட்டிப் போகிறது.

ஏழு குடும்பங்கள் விலகின. யாரிடமும் காரணம் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. இரண்டு குடும்பங்கள் தாங்களாகத் திரும்பின. மருமகளின் குடும்பம் திரும்பவில்லை. “எனக்கு மனசு கேக்கல” என்றார். அது போதும்.

நெறிமுறைக் குழு கேள்வியை மாற்றவும், எல்லாப் பொட்டலங்களிலும் எச்சரிக்கை அச்சிடவும் சொன்னது. சாதாரண உப்புப் பொட்டலத்திலும் அதே வரிகள் வர வேண்டும், இல்லாவிட்டால் எது எது என்று தெரிந்துவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சிறுநீரகப் படத்தில் சிவப்புக் குறுக்குக்கோடு போட்டோம். எடுத்துக் காட்டியபோது பலர் அதை முந்திரிப் பருப்பு என்றார்கள். படத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் வாயால் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

படிவத்தை நகரத்து அறையில் எழுதி, மொழிபெயர்த்து, திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தோம். சொல் சரியாகத்தான் இருந்தது. ‘வீடு’ என்றால் இந்த ஊரில் என்ன என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. இனி எந்தப் படிவமும், பங்கேற்கப் போகிறவர்களில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து திருத்தாமல் களத்துக்குப் போகக் கூடாது. திருத்துவதற்கு அவர்களுக்கு அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். ஏலத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.

எடை குறைந்தால் முதலில் சந்தேகப்பட்டுக் கேட்கும் பழக்கத்தை நான் விட வேண்டும். ‘வேறு எங்கெல்லாம் போச்சு?’ என்று கேட்டிருந்தால் அவர் கோபப்பட்டிருக்க வேண்டியதில்லை. அந்த அம்மா கோபப்படாமல் தலைகுனிந்து ‘ஆமா’ என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் வருமானமும் சாப்பாடும் மாறிவிடும். அந்த நாட்களில் எடுத்த அளவை ஆண்டு முழுமைக்கும் பொதுவானதாக எடுக்கக் கூடாது. அடுத்த சுற்று அதைத் தவிர்த்துத் தொடங்குகிறது.

அந்தச் சுற்றுக்கான படிவத்தைத் திருத்த மருமகளையும் கூப்பிட்டோம். ஆய்வில் சேர மாட்டேன், ஆனால் இதற்கு வருகிறேன் என்று வந்தார். புதிய கேள்வியை வாசித்தேன்: ‘உங்க உலையில வேகுற சோறும் குழம்பும் யார் யாருக்குப் போகுது?’ கேட்டுவிட்டு, பத்தாது என்றார்.

“கடலுக்குக் கட்டிக் குடுக்குற சோத்த எழுதலயே? எங்க வீட்டுச் சட்டியப் போட்டுல நாலு பேரு பங்கு போட்டுத்தான் திம்பாங்க.”

அதை இரண்டாவது கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.